ஓவியத்தில் உள்ளபடி ஒரு முதுகு

முதுகுக்கான நேர்முகத் தேர்வு சுவரைப் பார்த்து நின்றபடி நடந்தது. உள்ளே வந்தவர்கள் வணக்கம் சொன்ன கையோடு திரும்பி நிற்க வேண்டும். கேள்விகள் பின்னாலிருந்து வரும். பதில் சொல்லத் தேவையில்லை.

"தோளை இறக்குங்க. இன்னும் கொஞ்சம். கவலைப்படறவர் மாதிரி வேண்டாம். கவலைப்பட்டு முடிச்சவர் மாதிரி."

அவர் இறக்கினார். ஒரு சினிமா தியேட்டர் வாசலில் பல வருடம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர். தியேட்டரை மூடிய பிறகு வேலைக்கு அலைந்து அலைந்து தோள் ஏற்கனவே பாதி இறங்கித்தான் இருந்தது. பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"இதுதான்," என்றது ஒரு குரல். "இந்த முதுகுதான்."

பூங்கா மிகப் பழையது. எப்போதோ ஒரு பிரபு தன் மாளிகையைச் சுற்றிப் போட்ட தோட்டம். மாளிகை எரிந்தது, வம்சம் அற்றது, தோட்டம் ஊருக்கு மிஞ்சியது. கூடவே ஓர் ஓவியமும் மிஞ்சியது. ஏரிக்கரையில் பெரிய மரம். அதன் நீண்ட கிளைக்குக் கீழே ஒரு பெஞ்சு. பெஞ்சில் நமக்கு முதுகு காட்டியபடி பழுப்புக் கோட்டும் தொப்பியும் அணிந்த ஒரு மனிதர். தண்ணீரில் மூன்று வாத்துகள்.

பூங்காவைப் பேணுவதற்கென்று ஒரு குழு இருந்தது. அதற்கு இந்த ஓவியத்தைத் தவிர வேறு சட்டம் கிடையாது. ஓவியத்தில் இருப்பது பூங்காவில் இருக்க வேண்டும். ஓவியத்தில் இல்லாதது இருக்கக் கூடாது.

அதன்படி குடிநீர்க் குழாய் போனது. குப்பைத் தொட்டிகள் போயின. கழிப்பறையை இடித்தபோது மட்டும் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். "அந்தக் காலத்துல எல்லாரும் வீட்லயே போயிட்டுதான் வருவாங்க," என்று குழுத் தலைவர் பத்திரிகைக்காரர்களுக்கு விளக்கினார். வாத்துகள் குஞ்சு பொரித்துப் பெருகியபோது, மூன்றை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்வை நேரத்தில் கொட்டகையில் அடைத்தார்கள். மேகங்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆண்டறிக்கையில் குழு அதற்காக வருத்தம் தெரிவித்தது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் பெஞ்சு காலியாக இருப்பது யாரோ ஒருவர் கண்ணில் பட்டது.

வேலையோடு ஒரு வீடும் கிடைத்தது. பூங்காவின் பின்வாசலை ஒட்டி, முன்பு காவலாளி இருந்த இரண்டு அறை. அதுவரை அவரும் மனைவியும் மகளும் அவருடைய அண்ணன் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் விடியும் முன்னே எழுந்து, இவர்களைத் தாண்டித்தான் பல் தேய்க்கப் போவார். தாண்டும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார். புது வீட்டுக்கு வந்த முதல் நாள் மனைவி கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சும்மா அதில் சாய்ந்து நின்றாள்.

"வேலை என்னன்னு சொன்னீங்க?"

"உட்காரணும்."

"உட்கார்ந்து?"

"அவ்வளவுதான்."

"இத்தனை நாள் இதைச் சம்பளம் இல்லாமலா செஞ்சிட்டிருந்தீங்க," என்றாள் அவள். சந்தோஷத்தில்தான் சொன்னாள்.

ஊழியர்கள் அவரை முதுகுக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விதிகள் எளிமையானவை. பெஞ்சுக்குப் பின்னால் இருந்த பார்வை மேடையில் ஆள் நிற்கும்வரை அசையக் கூடாது. சற்று இடது பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முகத்தை எந்தக் காரணத்துக்காகவும் காட்டக் கூடாது. ஓவியத்தில் இருக்கும் மனிதருக்கு முகம் கிடையாது.

அசையாமல் உட்காருகிறவனுக்குக் காது நீளும். முதல் வாரத்திலேயே அவருக்குத் தலைக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. யாரோ விரலில் சொடக்கு எடுப்பது போல. சற்று நேரம் கழித்து இன்னொரு விரல். மேடை காலியானதும் அண்ணாந்து பார்த்தார். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல். கையை நுழைக்கலாம். விரிசலின் ஓரத்தில் காது காதாகக் காளான் பூத்திருந்தது. ஓர் எறும்பு வரிசை, வாயில் முட்டைகளோடு, கிளையிலிருந்து அடிமரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்த்திசையில் ஓர் எறும்பு கூடப் போகவில்லை.

அவர் கண்காணிப்பாளரிடம் போனார். கண்காணிப்பாளர் எப்போதும் வேகமாக நடக்கும், யாரையும் கோபித்துக்கொள்ளாத மனிதர்.

"சார், கிளை விரிஞ்சிருக்கு. எறும்பே வீட்டைக் காலி பண்ணுது."

"எறும்பு ஓவியத்துல இல்லையே," என்றார் கண்காணிப்பாளர். "போனா போகட்டும்."

"சார், கிளை என் தலைக்கு மேல இருக்கு."

அதை அவர் மறுக்கவில்லை. உடனே மர நிபுணரை வரவழைத்தார். நிபுணர் ஏணியில் ஏறி, ஒரு குழாயை விரிசலில் வைத்து, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"விரிசல் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு. நல்லா வளருது."

"அப்ப கிளை?"

"என்னை விரிசல் பார்க்கத்தானே கூப்பிட்டீங்க?"

முதுகுக்காரர் கிளைக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னார். முட்டு ஓவியத்தில் இல்லை. வலை கட்டச் சொன்னார். வலையும் இல்லை. தொப்பிக்குள் ஹெல்மெட் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். குழு இதை அனுதாபத்தோடு பரிசீலித்து, ஹெல்மெட் போட்ட தலை ஓவியத்துத் தலையைவிடப் பெரிதாகத் தெரியும் என்று கண்டது. பெஞ்சை நாலடி நகர்த்தினால் என்ன என்று அவர் கேட்டபோதுதான் கண்காணிப்பாளர் முதன்முதலாக நடப்பதை நிறுத்தினார்.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார் மெல்ல. "நான் கேட்கலன்னு வெச்சுக்கறேன்."

இதற்கிடையில் குழுவில் ஒருவர் பூதக்கண்ணாடியால் ஓவியத்தைப் பார்த்து, அதிலுள்ள கிளையிலும் ஒரு மெல்லிய கோடு இருப்பதைக் கண்டுபிடித்தார். அது விரிசலா, ஓவியர் தூரிகையிலிருந்து உதிர்ந்த முடியா என்று தெரியவில்லை. விரிசல் என்றால் அதைப் பாதுகாக்க வேண்டும். முடி என்றால் அடைக்க வேண்டும். ஒரு துணைக்குழு அமைத்தார்கள். முடிவு வரும்வரை விரிசல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

தீர்மானம் போட்ட மறுநாள் விரிசல் வழியே வானம் தெரிந்தது.

முதுகுக்காரர் தினமும் போய் உட்கார்ந்தார். போகாவிட்டால் வீடு இல்லை. தொப்பியின் விளிம்பில் மரத்தூள் மாவு போல இறங்கும். காற்று அடித்தால் மடியில் கைகளைக் கோத்துக்கொள்வார். காற்று நின்றால் இன்னும் இறுக்கிக் கோப்பார். கிளை காற்றில் விழும் என்று ஊரே நினைக்கிறது. அசையாத மதியத்திலும் அது விழலாம் என்பது அதன் கீழே உட்கார்ந்தவனுக்குத் தெரியும். அவருடைய தோள்கள் ஓவியத்திலிருந்து விலகி மேலே ஏற ஆரம்பித்தன. இறக்கச் சொல்லி இரண்டு முறை எச்சரித்தார்கள்.

ஒரு நாள் மாலை கண்காணிப்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாழ்த்துக்கள்! உங்களுக்கு ஒரு குழந்தை கிடைச்சிருக்கு!"

மனைவி அடுப்பிலிருந்து திரும்பினாள். "எனக்குத் தெரியாமலா?"

ஓவியத்தைச் சுத்தம் செய்தார்களாம். பழைய அழுக்கு போனதும் பெஞ்சில் அந்த மனிதருக்குப் பக்கத்தில் இன்னோர் உருவம் தெரிந்ததாம். வெள்ளைக் கவுனும் நீல இடுப்புப் பட்டையுமாக ஒரு சிறுமி. அவளும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா இந்தக் காட்சி அரைகுறையா இருந்திருக்கு பாருங்க. நினைச்சாலே உடம்பு கூசுது. அடுத்த வாரம் மறுதிறப்பு விழா. பெரிய சிறப்பு விருந்தினர் வர்றார். வெளியாளைப் போட்டா அனுமதி, விளம்பரம், தேர்வுன்னு இழுக்கும். உங்க குட்டி இருக்காளே! அளவு கூடச் சரியா இருக்கு."

குட்டி கதவு மறைவிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்குப் புதுக் கவுனா?"

"நீ உள்ள போ," என்றாள் அம்மா.

கண்காணிப்பாளர் போய்விட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டேன்னு சொன்னா வீட்டைக் காலி பண்ணணும்," என்றார் அவர்.

"நீங்க தினம் போய் உட்கார்றதுக்கே இங்க எனக்கு ஒரு வேலையும் ஓடறதில்ல. வெளிய ஏதாவது விழற சத்தம் கேட்டா போதும், கையில இருக்கறதைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடறேன். நேத்து தேங்காய் விழுந்ததுக்கு ஓடினேன்." அவள் அடுப்பை அணைத்தாள். "உங்க அண்ணன் வீட்டு ஹால்ல தலைக்கு மேல வெறும் ஃபேன்தான் தொங்குது. எனக்கு அது போதும்."

"தலைவர்கிட்ட ஒரு தடவை பேசிப் பார்க்கறேன்."

"பேசுங்க. ஆனா முகத்தைக் காட்டிப் பேசுங்க. அங்க போயும் திரும்பி நிக்காதீங்க."

தலைவரின் அறை ஜன்னல்கள் ஏரிப் பக்கம் திறக்காதவை. சுவர் முழுக்க ஓவியத்தின் பிரதிகள். தலைவர் மிகவும் மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"சார், என் பொண்ணு விஷயமா வந்தேன். அந்தக் கிளை..."

"உங்க பொண்ணு என்ன எடை இருப்பா?"

"பதினெட்டு கிலோ சார்."

"அவ கிளை மேல உட்காரப் போறதில்லையே? கீழதானே?" தலைவர் புன்னகைத்தார். "அப்ப கிளைக்கு எந்த ஆபத்தும் இல்ல."

"கிளை விழுந்துடும் சார்."

"இதோ பாருங்க. கிளை விழும்ங்கறது ஒரு கருத்து. கிளை இருக்குங்கறது உண்மை. ஒரு பொறுப்புள்ள அமைப்பு எதை வெச்சு முடிவெடுக்கும்? இந்தப் பூங்கா இத்தனை காலம் எப்படி நின்னுச்சுன்னு நினைக்கிறீங்க? யாரும் ஒண்ணும் செய்யாததால. வந்த தலைவர் ஒவ்வொருத்தரும் ஒண்ணுமே செய்யாம, அப்படியே அடுத்தவர் கையில ஒப்படைச்சிருக்காங்க. என் காலத்துல மட்டும் நான் ஏதாவது செஞ்சேன்னு பேர் வரணுமா?"

"ஒரு சின்னக் குழந்தை சார்."

"நமக்கு இதுவரைக்கும் வந்த எல்லாப் புகாரும் உயிரோட இருக்கறவங்க கொடுத்ததுதான். அதை வெச்சுப் பார்த்தா பாதுகாப்பு நல்லாவே இருக்கு." தலைவர் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். கை வைத்தவர் அந்தத் தோளைக் கொஞ்சம் கீழே அழுத்தவும் செய்தார். "சரி, உங்க மனசு எனக்குப் புரியுது. குழந்தை வேண்டாம்னா வேண்டாம். நீங்க மட்டும் உட்காருங்க. விழா முடியட்டும், மத்ததைப் பேசிக்கலாம்."

இவ்வளவு சுலபமாக முடிந்ததை முதுகுக்காரரால் நம்ப முடியவில்லை. ஆனாலும் நம்பினார்.

விழாவன்று மேடைக்கு முன்னால் ஓவியத்தைச் சட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள், விருந்தினர் இதையும் அதையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக. கயிறு கட்டி, அதற்குப் பின்னால் கூட்டம். நிறையக் கேமராக்கள். மனைவியும் குட்டியும் கயிற்றுக்கு வெளியே நிற்பதாகப் பேச்சு. அவர் கோட்டைச் சரிசெய்து, தொப்பியை வைத்து, ஏரியைப் பார்த்து உட்கார்ந்தார். மூன்று வாத்துகளும் தங்கள் இடத்தில் இருந்தன.

சொடக்கு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு சொடக்கு சேர்ந்தாற்போல.

பின்னால் தலைவர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். "இந்தப் பூங்காவுல ஒரு இலை கூட எங்க அனுமதி இல்லாம விழறதில்ல..." கைதட்டல். சட்டைக் காலருக்குள் மரத்தூள் இறங்கியது. அவர் அசையவில்லை. எறும்புகள் எப்போதோ போய்விட்டன. கிளையிலிருந்து இப்போது வந்த சத்தம் சொடக்கு இல்லை. பழைய கதவை மிக மெதுவாகத் திறப்பது போல, நீளமாக, நிற்காமல்.

"ஆஹா!" என்றது விருந்தினரின் குரல். "குழந்தையும் வருதே!"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு சரளைக் கல்லில் சின்னச் செருப்புகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. அந்த ஓட்டம் அவருக்குத் தெரியும். வலது கால் கொஞ்சம் உரசும். எங்கோ பின்னால் மனைவியின் குரல், "ஏய், யாரு அவளை விட்டது, குட்டி!" என்று கிழிந்துகொண்டு வந்தது.

பூங்காவின் முதுகு திரும்பியது.

வெள்ளைக் கவுன், நீலப் பட்டை. கையை விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மரத்தின் நிழலுக்குள் ஏற்கனவே நுழைந்துவிட்டாள். அவர் பெஞ்சைத் தாண்டிக் குதித்தார். தொப்பி எங்கோ போனது. எதிரே ஓடி, நின்று தூக்க நேரமில்லாமல், ஓடிய வாக்கிலேயே அவளை இடுப்போடு வாரி மேடையை நோக்கி ஓடினார். வாய் திறந்திருந்தது. என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. முதுகுக்குப் பின்னால் அந்தப் பழைய கதவு முழுதாகத் திறந்து, காற்று ஒன்று வந்து அவரை முன்னால் தள்ளியது. தரை அதிர்ந்தது.

திரும்பிப் பார்த்தபோது பெஞ்சு இல்லை. இலைகள்தான் இருந்தன. இரண்டு வாத்துகள் பறந்துவிட்டிருந்தன.

தூசி மெல்ல அடங்கியது. பிறகு சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். "பிரமாதம்! எவ்வளவு தத்ரூபமா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க!" தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, குனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

மனைவி கயிற்றைத் தாண்டி வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். "அந்த மாமா கவுன் போட்டுவிட்டார்மா," என்றாள் குட்டி, கண்காணிப்பாளரைக் காட்டி. "அப்பா கூப்பிடறார், போன்னு சொன்னார்."

கண்காணிப்பாளர் யாரையும் கோபித்துக்கொள்ளாத மனிதர். இப்போதும் கோபிக்கவில்லை.

மறுநாள் விசாரணை. மூன்று குற்றச்சாட்டுகள். பார்வை நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்தது. தொப்பியைத் தொலைத்தது. மூன்றாவதைப் படிக்கும்போது தலைவரின் குரல் தழுதழுத்தது: முகத்தைக் காட்டியது.

"அனுமதி வாங்கினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"என் பொண்ணு சார்."

"உருவம் சொந்தக் காரணத்துக்காக நகர்ந்தது," என்று தலைவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். கிளை ஏன் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. துணைக்குழு அந்தக் கோடு முடிதான் என்று அன்று காலைதான் முடிவு செய்திருந்தது.

தீர்ப்பு வருவதற்குள் புகைப்படம் வந்துவிட்டது. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாய் பிளந்து ஓடிவரும் ஒரு மனிதர். பின்னால் பாதி ஆகாயத்தில் கிளை. எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். பூங்கா வாசலில் என்றும் இல்லாத கூட்டம். எல்லோரும் அந்த இடத்தைக் கேட்டார்கள். பழைய ஓவியத்தை யாரும் கேட்கவில்லை.

குழு அவசரமாகக் கூடியது. கூடிய பிறகு கண்காணிப்பாளர் வீட்டுக்கு ஓடிவந்தார். வாசலில் இரண்டு மூட்டைகளும் ஒரு பாயும் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"அவிழ்த்துடுங்க, அவிழ்த்துடுங்க! எல்லாக் குற்றச்சாட்டும் ரத்து. உங்களுக்குப் பதவி உயர்வு. முதல்நிலை ஓடும் உருவம்! வீடு நிரந்தரம். இனிமே அந்தப் புகைப்படம்தான் நம்ம காட்சி. குழு ஏகமனதா ஏத்துக்கிச்சு."

"அப்படின்னா?" என்றாள் மனைவி.

"கிளையைத் தூக்கி மறுபடி மேல கட்டறாங்க. பார்வை நேரத்துல கயித்தை அவிழ்த்து விடுவோம். இவர் குட்டியைத் தூக்கிட்டு ஓடிவரணும். தினம் ஒரு தடவைதான். விடுமுறை நாள்ல மட்டும் ரெண்டு. நிபுணர் கணக்குப் போட்டுப் பார்த்துட்டார். சரியான நேரத்துல ஓடினா ஒண்ணும் ஆகாது."

"கொஞ்சம் தாமதமானா?"

கண்காணிப்பாளர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "புகைப்படத்துல தாமதம் ஆகலையே," என்றார்.

முதுகுக்காரர் அவரை வெகுநேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கிளையை அண்ணாந்து பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டார். மனைவி இன்னொன்றை எடுத்தாள். பாயைக் குட்டி கட்டிப் பிடித்துக்கொண்டாள். அது அவளைவிட உயரம்.

பின்வாசல் பூட்டியிருந்ததால் பூங்காவின் நடுவேதான் போக வேண்டியிருந்தது. மேடையில் அன்றைய கூட்டம் ஏற்கனவே நிரம்பி நின்றது. மரத்தடியில் ஆட்கள் கிளைக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களைக் கண்டதும் கேமராக்கள் உயர்ந்தன.

"நில்லுங்க!" கண்காணிப்பாளர் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார். "ஜனங்க பார்க்கறாங்க! இப்படி நடக்கக் கூடாது! படத்துல ஓடறீங்க! ஓடுங்க!"

குட்டி பாயின் மேலாக அண்ணாந்து பார்த்தாள். "அப்பா, ஓடணுமா?"

"வேண்டாம்மா," என்றார் அவர். "மெதுவா நட."